வெஸ்லி சார் செத்துக் காட்டிய விதம்

துபாய்க்கு அந்தப் பக்கம், புஜைராவில் துறைமுகத்தை ஒட்டி எண்ணெய்த் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியில் விபத்து என்று ஒன்று நடந்ததே கிடையாது. கை ஒடியும், கால் ஒடியும், மண்டை பிளக்கும். அதெல்லாம் வேறு விஷயம். விபத்து மட்டும் நடக்காது. நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக கேட் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று வைத்து, விபத்தில்லாமல் கழிந்த மணிநேரங்களை லட்சக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அந்தப் பலகையைக் காலையும் மாலையும் துடைப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். அவனுக்கு இடது கையில் மூன்று விரல்தான்.

சாரம் கட்டுகிற கார்மேகத்துக்கு இந்த ஏற்பாடு பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று. சிவகங்கைப் பக்கம் அவன் ஊரில் கால் ஒடிந்தால் கால் ஒடிந்தது என்பார்கள். இங்கே அப்படி அவசரப்பட்டுச் சொல்லிவிட மாட்டார்கள். அவன் வந்த புதிதில், கூட ஒரே ரூமில் படுக்கிற வெல்டர் ஜெபகனியின் பாதத்தில் இரும்புத் தகடு சரிந்து விழுந்தது. ஜெபகனி தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், அலைக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அன்று அவன் போட்ட சத்தம் நங்கூரம் போட்டிருந்த கப்பல் வரைக்கும் கேட்டிருக்கும். பாதம் சப்பையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, மறுநாள் விடிந்ததும் ஸ்ட்ரெச்சரோடு சைட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள். அடிபட்டவன் மறுநாள் டியூட்டிக்கு வராவிட்டால்தான் அது விபத்து. வந்துவிட்டால் வெறும் அடி. பாதுகாப்பு இலாகா கண்டுபிடித்து வைத்திருந்த சூட்சுமம் அவ்வளவுதான்.

ஏசி கண்டெய்னருக்குள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஜெபகனியைக் கார்மேகம் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தான்.

"ஒனக்கு என்னடா வேல குடுத்திருக்காக?"

"தண்ணி கேனு காலியாவுதான்னு பாக்கணுமாம்."

"காலியானா?"

"காலியாயிட்டுன்னு சொல்லணுமாம். வலி உயிர் போவுதுல மக்கா. அழுதாலும் சத்தம் வரக்கூடாதாம், ஆடிட்டர் வந்திருக்காவளாம்."

இதையாவது சகித்துக்கொள்ளலாம். ரெங்கராஜ் விஷயத்தைத்தான் கார்மேகத்தால் மறக்க முடியவில்லை. ரெங்கராஜ் அவனோடு ஜோடியாகச் சாரம் கட்டியவன். ஒருநாள் காலை மூன்றாம் தொட்டியின் உச்சியில் நின்று குழாயை முடுக்கிக்கொண்டிருந்தபோது கால் வழுக்க, இடுப்பு பெல்ட்டின் துருப்பிடித்த கொக்கி அப்படியே விரிந்துகொண்டது. தலைதான் முதலில் தரையைத் தொட்டது. ஓடிப்போய்த் தூக்கியவன் கார்மேகம். தூக்குவதற்கு முகம் என்று ஒன்று மிச்சமிருக்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு மேனேஜர் விஜயபாஸ்கர் மைக்கைப் பிடித்தார். மெட்ராஸ்காரர். வெள்ளை ஹெல்மெட், மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா.

"நண்பர்களே! ரெங்கராஜ் நம் கம்பெனியில் பணிபுரிந்தவர். ஆனால் முந்தாநாள் சாயங்காலமே அவருடைய விசா ரத்தாகிவிட்டதாக ஆபீஸ் எனக்குத் தெரியப்படுத்தியிருக்கிறது. ஆகவே நேற்றுக் காலை விழுந்தவர் நம் தொழிலாளி அல்ல, ஒரு தனி மனிதர். தனி மனிதர்கள் நம் சைட்டுக்குள் நுழைந்து விழுவது பாதுகாப்பு விதிகளுக்கு முற்றிலும் விரோதமானது. இனி ஒருவரும் அப்படிச் செய்யக்கூடாது. நம் பலகை பத்து லட்சம் மணிநேரத்தைத் தொட வேண்டும் என்று இப்போது எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம்."

நின்றார்கள். நிற்கும்போது கார்மேகம் தன் பெல்ட்டின் கொக்கியைத் தடவிப் பார்த்தான். அதுவும் துருதான். விசா ரத்தாவதற்குள் நல்ல பெல்ட் ஒன்று கிடைத்துவிட்டால் உயிரோடு ஊர் போய்ச் சேரலாம் என்று தோன்றியது. புது பெல்ட் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு ஆபீஸில் கண்ணாடி அலமாரிக்குள் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பயத்தை விழுங்கிக்கொண்டு போய்க் கேட்டான்.

"அது எமர்ஜென்சிக்குப்பா" என்றார் விஜயபாஸ்கர்.

"விழும்போதுதானே சார் எமர்ஜென்சி?"

"விழறது உன்னோட அஜாக்கிரதை. ஒவ்வொருத்தன் அஜாக்கிரதைக்கும் கம்பெனி பெல்ட் தர முடியுமா? ஆடிட்டர் வந்தா அலமாரி காலியா இருக்கக்கூடாது, புரியுதா?"

புரிந்தது என்று சொல்லிவிட்டுக் கார்மேகம் மறுபடி மேலே ஏறினான்.

பலகை பத்து லட்சத்தை நெருங்கியது. பரிசு கொடுக்க அர்பாபே நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. அர்பாப் என்றால் முதலாளி. அவருக்கு நாடகம் என்றால் உயிர் என்று யாரோ விஜயபாஸ்கர் காதில் போட்டுவிட்டார்கள். விபத்தே நடக்காத கம்பெனியில் விபத்து எப்படியிருக்கும் என்று தொழிலாளிகளுக்குத் தெரியாதே, அதை நடித்தல்லவா காட்டவேண்டும் என்று விஜயபாஸ்கருக்கு யோசனை பிறந்தது. அப்படித்தான் வெஸ்லி டங்கர் புஜைராவுக்கு வந்து சேர்ந்தார்.

வெஸ்லி அமெரிக்க நடிகர். ஐம்பது வருஷமாக நடிகர். முகத்தைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருக்கும். பெயர் மட்டும் எவனுக்கும் வராது. நியூயார்க் நாடக மேடையில் ஈட்டி பிடிக்கும் சிப்பாயாகத் தொடங்கினார். சிப்பாயை முதல் அங்கத்திலேயே குத்திவிடுவார்கள். மிச்ச அங்கமெல்லாம் ராஜாவும் ராணியும் அவரைத் தாண்டித் தாண்டி நடந்து காதல் பேசுவார்கள். அப்புறம் சினிமா. பேங்க் கொள்ளை என்றால் காவலாளி அவர்தான்; மணியை அமுக்கக் கை போகும், அதோடு சரி. குதிரைப் படம் என்றால் சாராயக் கடை மாடியிலிருந்து கிராதியை உடைத்துக்கொண்டு விழுவார். சினிமாவுக்கு இளவட்டங்கள் வந்ததும் டெலிவிஷன். போலீஸ் தொடர்களில் வெள்ளைத் துணியை விலக்கினால் கீழே படுத்திருப்பார். கதாநாயகன் மாறிக்கொண்டே இருந்தான், பிணம் மாறவில்லை. கடைசியில் துபாய்ப் பாலைவனத்தில் படமெடுக்க வந்த கூட்டத்தோடு வந்தார். பாதிப் படத்தில் அவருடைய சாவு கதைக்குத் தேவையில்லை என்று ஆகிவிட, ஓட்டலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவரைத்தான் விஜயபாஸ்கர் பிடித்து வந்திருந்தார்.

தொழிலாளிகள் தங்கும் கேம்ப்புக்குள் அவர் நுழைந்ததும் கார்மேகம் அடையாளம் கண்டுகொண்டான். ஊரில் டெலிவிஷனில் தமிழ் பேசி ஓடிய ஒரு இங்கிலீஷ் படத்தில், ரயில் கூரையிலிருந்து விழுந்த ஆள். விழுமுன் 'அடப்பாவிகளா, நல்லா இருப்பீங்களாடா' என்று அசல் மதுரைத் தமிழில் சபித்துவிட்டு விழுந்தார். கேம்ப்பில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ஆகவே அவருக்குத் தமிழ் தெரியும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சுற்றி நின்றுகொண்டு, ரயில் படத்துல ஒங்க சாவு அமோகம் சார், அந்தச் சாபம் இன்னம் காதுக்குள்ளயே நிக்கிது சார் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் பாவம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

"பேச மாட்டேங்கிறாரே. பெரிய ஆளுல்ல" என்றான் கார்மேகம்.

பெபின்தான் விளக்கினான். நாகர்கோவில் பக்கத்துப் பையன், பாதுகாப்பு ஆபீஸர், விஜயபாஸ்கருக்குக் கீழே வேலை. "அண்ணே, அது அவருக்க குரல் இல்ல கேட்டியளா. மெட்ராஸ்ல எவனோ பேசினது."

"அப்ப சாவு மட்டுந்தான் இவரோடதா?"

"சாவு இவருக்கதான்."

கார்மேகத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் நாடகத்துக்கு ஆள் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் அவன்தான். நடிப்பவர்களுக்கு அலமாரியிலிருந்து புது பெல்ட் எடுத்துத் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். நாடகம் முடிந்ததும் அதைக் கழற்றாமல் அப்படியே சாரத்தில் ஏறிவிடுவது என்பது அவன் திட்டம்.

திட்டம் முதல் நாளே கவிழ்ந்தது. புது பெல்ட் ஒழுக்கமான தொழிலாளியாக நடிக்கிறவருக்கு. அந்த வேஷம் கணக்கு ஆபீஸ் கிளார்க்குக்குப் போயிற்று. அவருக்கு ஏணியைக் கண்டாலே தலை சுற்றும் என்பதால் தரையிலேயே நின்று பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கார்மேகத்துக்கு அஜாக்கிரதையான தொழிலாளி வேஷம். இரண்டு மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்து சாக வேண்டும்.

"சார், எனக்கு பெல்ட்?"

"பெல்ட்டு போட்டா எப்படிப்பா விழுவே?" என்று விஜயபாஸ்கர் அவனைக் கருணையோடு பார்த்தார்.

அதோடு, பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்று ஒத்திகை முடியும் வரை சைட்டிலும் அவன் பெல்ட் இல்லாமலே வேலை செய்யும்படி உத்தரவாயிற்று. துருக்கொக்கியும் போயிற்று.

வெஸ்லி நல்ல வாத்தியார். சாரத்தின் கீழே கேம்ப் மெத்தைகளை இடுப்பு மட்டத்துக்கு அடுக்கச் சொன்னார். மெத்தையைப் பறிகொடுத்தவர்கள் தரையில் படுத்தார்கள். தோளைக் குறுக்கி, கழுத்தைக் காத்து, முதுகு பரப்பி எப்படி விழுவது என்று அந்த வயசில் தானே ஏறி விழுந்து காட்டினார். ஒவ்வொரு தடவையும் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்க்காமல் கார்மேகத்தை ஏற விடமாட்டார். மேனேஜர் முதல் மேஸ்திரி வரை இந்தக் கம்பெனியில் ஒருவரும் செய்யாத காரியம் அது. அவர்மேல் கார்மேகத்துக்குப் பாசமே வந்துவிட்டது.

சண்டை வந்தது சாகும்போது பேசும் வசனத்தில். விழுந்தவன் தலையை நிமிர்த்தி, 'என் சாவுக்கு என் அஜாக்கிரதையே காரணம், கம்பெனி அல்ல' என்று சொல்லிச் சாகவேண்டும் என்றார் விஜயபாஸ்கர். மண்டை உடைந்தவன் பேசமாட்டான் என்றார் வெஸ்லி. எங்கள் கம்பெனியில் பேசுவான் என்றார் விஜயபாஸ்கர். விஷயம் வெளியே கசிந்ததும் மற்ற இலாகாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லீவு இலாகா, செத்துப்போகிறவன் லீவு கேட்காமலே உழைத்ததை ஒருவரி சொல்லட்டும் என்றது. மெஸ் கான்ட்ராக்டர் சாம்பாரைப் பற்றி ஒருவார்த்தை வேண்டும் என்றார். டாக்டர், தான் உடனே ஓடிவந்ததாகச் சேர்க்கச் சொன்னார். சாவு வளர்ந்துகொண்டே போயிற்று. ஒத்திகையில் கார்மேகம் செத்து முடிப்பதற்குள் இரண்டு பேர் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

வெஸ்லி பெபினிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார்.

"என்ன தம்பி சொல்றாரு?"

"அவருக்கு ஆயுசுல இவ்வளவு பெரிய சாவு கெடைச்சதே இல்லையாம். கொஞ்சம் பொறாமையா இருக்காம்."

விழா நாள் வந்தது. பந்தல், சந்தனம், அரபுக் காபி, பலூன். கேட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று கழுவி மாலை போட்ட ஆம்புலன்ஸ். எல்லாம் சரியாக இருந்தன, மெத்தைகளைத் தவிர. போட்டோகிராபர் வந்து பார்த்துவிட்டு, அழுக்கும் மூட்டைப்பூச்சிக் கறையுமாக இதெல்லாம் அர்பாப் பக்கத்தில் படத்தில் விழுமே என்று முகம் சுளித்தார். அழுக்கு மெத்தை சுகாதாரக் கேடு, சுகாதாரமும் பாதுகாப்பும் ஒரே இலாகா என்று சொல்லி, விஜயபாஸ்கர் மெத்தைகளை அள்ளச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பழைய மரப் பலகைகளை மேடை மாதிரி அடுக்கி, மேலே சிவப்புக் கம்பளத்தை இழுத்து மூடினார்கள். வெஸ்லி அப்போது அர்பாபோடு காபி குடிக்க அழைக்கப்பட்டிருந்தார். கார்மேகம் அதற்கு முன்னாலேயே சாரத்தின்மேல் ஏற்றப்பட்டிருந்தான். பெபினுக்குத் தெரியும். வாயைத் திறந்தான், விஜயபாஸ்கர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மேலேயிருந்து பார்க்கையில் கம்பளம் மெத்தை உயரத்துக்குத்தான் தெரிந்தது. கார்மேகம் குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, வெஸ்லி சார் சொன்னபடியே விழுந்தான்.

கழுத்தும் மண்டையும் தப்பியது வெஸ்லி சார் புண்ணியம். கால் தப்பவில்லை. பலகை பிளந்து வலது கால் உள்ளே போயிற்று, உடம்பு வெளியே போயிற்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே நீட்டியது. கம்பளமும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "ஆத்தா! ஆத்தாடீ!" என்று அவன் அலறிய அலறலில் பந்தலே ஒருகணம் மூச்சை நிறுத்திவிட்டு, பிறகு கைதட்டத் தொடங்கியது. அர்பாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார்.

"வசனம்! வசனத்தைச் சொல்லு!" என்று பல்லைக் கடித்தபடி குனிந்தார் விஜயபாஸ்கர்.

கார்மேகத்துக்கு வசனமாவது ஒன்றாவது. அர்பாப் நல்ல மனுஷர்தான். அருகே வந்து, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பெபின் மைக்கை நீட்டினான்.

"அய்யா, நெசமாவே காலு ஒடஞ்சிருச்சு. இது நாடகமில்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்கய்யா."

பெபின் விஜயபாஸ்கரைப் பார்த்தான். ஊரில் கடனும் தங்கையும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "எல்லாரும் எப்போதும் பெல்ட் அணியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னான். மறுபடி கைதட்டல். படுபாவி. கார்மேகத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தான் சொன்னதற்கு ஒருவரும் கைதட்டமாட்டார்கள் என்பது தெரியும்.

விஜயபாஸ்கர் மைக்கை வாங்கினார். "இப்பொழுது நம் கலைஞர் எழுந்து நின்று அர்பாபுக்கு வணக்கம் சொல்வார்!" என்று அறிவித்துவிட்டு, கார்மேகத்தின் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து விறுக்கென்று தூக்கினார். ஒடிந்த எலும்பு பலகையில் ஊன்றியது. முதல் அலறலை நடிப்பென்றே எண்ணியிருந்த வெஸ்லி இந்த அலறலில்தான் காபிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். காலைப் பார்த்தார். கம்பளத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். கையை ஓங்கி விஜயபாஸ்கரின் மூக்கில் ஒரு குத்து விட்டார்.

ஐம்பது வருஷத்தில் அவர் வாங்கிய குத்துக்கு அளவேயில்லை. எல்லாம் காற்றில் நிற்கும் குத்து. இது நிற்கவில்லை. மூக்குத் தண்டு உடைகிற சத்தம் மைக்கில் கேட்டது.

பந்தல் ஆர்ப்பரித்தது. அர்பாபுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுவும் நாடகமா?" என்று கேட்டார்.

விஜயபாஸ்கருக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி மடிப்புக் கலையாத சட்டை நனைந்தது. அடித்துவிட்டான் என்று சொன்னால் அது சம்பவம். சம்பவம் நடந்தால் கேட் வாசல் பலகை போயிற்று. "நாடகம்தான் சார்" என்றார்.

"நாடகமா?" என்று கேட்டார் வெஸ்லி. தாடையில் இரண்டாவது விழுந்தது. பல் ஒன்று கம்பளத்தில் தெறித்தது.

"நாடகம்... நாடகம்தான்!"

வெஸ்லியின் வலதுகை விரல்கள் மடங்கிய நிலையிலேயே வீங்கிவிட்டன. இடதுகையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தினார். "நாடகமா?" வயிற்றில் ஒன்று. விஜயபாஸ்கர் மண்டி போட்டார். இலாகா அதிகாரிகள் முன்வரிசையில் விடாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்; நிறுத்தினால் விபத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. நான்காவதுக்குக் கை ஓங்கியபோது இலாகாவின் கொள்கை உடைந்தது.

"ஆக்ஸிடென்ட்!" என்று விஜயபாஸ்கர் மைக்கில் அலறினார். "ஆக்ஸிடென்ட் சார்! அவனுக்குக் கால் ஒடஞ்சிருக்கு! ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கடா!"

அந்தக் கம்பெனியில் அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை. பந்தல் அடங்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்கு டிரைவர் கிடையாது, தேடிப் பிடித்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே விருந்துக்கான பிரியாணி அண்டாக்கள், ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான். பதவி வரிசைப்படி அதில் மேனேஜரைப் படுக்கவைத்து, கார்மேகத்தைத் தரையில் கிடத்தினார்கள். பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு வெஸ்லி. காலடியில் பெபின், அழுதுகொண்டு.

வண்டி மலைப்பாதையில் குலுங்கியது. பட்டை, கிராம்பு வாசனையில் கார்மேகத்துக்கு மயக்கம் வந்து வந்து தெளிந்தது. வெஸ்லி அவன் நெற்றியில் கைவைத்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு? இந்தத் தடவயாச்சும் உள்ளதச் சொல்லு."

பெபின் மூக்கை உறிஞ்சினான். "எத்தனையோ தடவ செத்திருக்காராம். விழுந்த உடனே கேமரா வேற பக்கம் போயிருமாம். விழுந்தவன என்ன செய்யுவாவன்னு அவரு கண்டதே இல்லையாம். ஆம்புலன்சுக்குள்ள ஏறுறது இதுதான் மொத தடவையாம்."

கார்மேகத்துக்கு அழுகை வந்தது. வலியில் என்று நினைத்து வெஸ்லி இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஜெஸ்மி என்ற நர்ஸ் வந்தாள். குளச்சல்காரி, பேச்சைக் கேட்டதும் தமிழில் கேட்டாள். முதலில் மேனேஜர்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார் விஜயபாஸ்கர், மூக்கில் பஞ்சோடு.

அடுத்து கார்மேகத்தின் காலைப் பார்த்து அவளே ஒருகணம் உதட்டைக் கடித்தாள். "இது எப்படி ஆச்சு?"

பெபின் கட்டிலை விட்டு விலகி நின்றான். "நீங்களே சொல்லுங்கண்ணே."

"சாரத்துல இருந்து விழுந்தேன் தாயி" என்றான் கார்மேகம். "பெல்ட்டு குடுக்கல. கீழ மெத்தய எடுத்துட்டாக. டியூட்டியிலதான்."

"டியூட்டி இல்ல சிஸ்டர், அது நாடகம்..." என்று பக்கத்துக் கட்டில் முனகியது.

"நாடகத்துல எலும்பு வெளிய வராது சார். நீங்க மூக்க அண்ணாந்து பிடிச்சிட்டு சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டு, வேலை நேரத்தில் விபத்து என்று ஜெஸ்மி எழுதினாள். பிறகு வெஸ்லியின் வீங்கிய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது எப்படி என்று இங்கிலீஷில் கேட்டாள்.

வெஸ்லி பெபின் பக்கம் திரும்பினார். கார்மேகம் இப்போது என்ன சொன்னான் என்று விசாரித்தார். பெபின் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான். கிழவர் ஜெஸ்மியிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் அதேதான்" என்றார். "வேலை நேரத்தில்."